பெரியவன் சொன்ன நேரம்

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மதியம் மூன்று மணிக்கு விசாரணை. அவள் கணவனுக்கு வேலை இருக்குமா போகுமா என்பது அதில் தெரிந்துவிடும். வேலை போனால்கூடப் போய்த் தொலையட்டும், வேறு வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். ஒரு மனிதரின் சாவையல்லவா அவன் தலையில் கட்டி அனுப்பப் பார்க்கிறார்கள்! அதை எந்த வண்டியில் ஏற்றி எங்கே கொண்டுபோய் இறக்குவது?

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையம். கீழே ஷெட்டில் அவன் வண்டி ஓட்டுகிறான். மேலே மூன்றாவது மாடியில் அவள் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அதனால் மையத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வரக்கா'. கல்யாணப் பேச்சின்போது, "பொண்ணு சர்வர் வேலை பாக்குது" என்று யாரோ சொல்லப்போய், மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எந்த ஓட்டல்ல?" என்று கேட்டாராம். இன்றுவரை அந்தம்மாவுக்கு மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று சரியாகப் புரிந்ததில்லை. சம்பளம் வருகிறது, அது போதும் என்று விட்டுவிட்டார்.

கணவனுக்கு ஷெட்டில் 'மின்னல்' என்று பெயர். அழைப்பு மணி அடித்து முடிப்பதற்குள் வண்டி வாசலைத் தாண்டியிருக்கும். செருப்பை வண்டிக்குள் ஏறித்தான் மாட்டுவான். அப்பேர்ப்பட்டவன் மேல்தான் இப்போது தாமதக் குற்றச்சாட்டு.

நடந்தது இதுதான். நெஞ்சுவலி என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மின்னல் போனான், பெரியவர் ஒருவரை ஏற்றினான், மருத்துவமனை வாசலைத் தொடுவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. அவருடைய மகன் புகார் கொடுத்தார். மையத்தின் பதிவை எடுத்துப் பார்த்தால், அழைப்பு வந்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் நடுவே ஏழு நிமிஷம். கணினியே எழுதி வைத்த ஏழு நிமிஷம். "அப்பவே கிளம்பிட்டேன்" என்று மின்னல் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான். யார் கேட்கிறார்கள்?

யாரும் கேட்கவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. கட்டிய மனைவியே கேட்கவில்லை. புகார் வந்த அன்று சாயங்காலம் அவள்தான் அவனை அடுக்களை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"மெஷின் பொய் சொல்லாதுங்க. நான் தினம் பாக்கறேன். கோபப்படாம உண்மையைச் சொல்லுங்க. அந்த ஏழு நிமிஷம் எங்க நின்னீங்க?"

அன்றைக்கு அவன் வீடே அதிரக் கத்தினான். மறுநாள் கத்தவில்லை. அதற்கடுத்த நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கையை நிறுத்திவிட்டு, "ஒருவேளை டீ குடிச்சிருப்பேனோ?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டான். அதோடு சரி, பிறகு அவன் வாதாடவே இல்லை. மேலாளரும் அவனைக் கூப்பிட்டு, தப்பை ஒத்துக்கொண்டால் வண்டி கழுவுகிற பிரிவுக்கு மாற்றுவதோடு விட்டுவிடலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் என்று நயமாகச் சொல்லியிருந்தார். இன்று போய் ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்று காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டாள். சொல்லியிருக்க வேண்டிய பதிலா அது?

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூட வைக்காமல் மூடிவிட்டு, டீயாவது குடிக்கலாம் என்று வராந்தா மூலையிலிருந்த மெஷின் பக்கம் போனாள். அழைப்புகளை எடுக்கிற பெண்கள் இருவர் அங்கே நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் முதலில் பேச்சை நிறுத்தினார்கள். பாவம், அவர்களுக்கும் சங்கடம். அப்புறம் ஒருத்தி எதையாவது பேச வேண்டுமே என்று ஆரம்பித்தாள்.

"இன்னிக்கும் வருகைப் பதிவுல எனக்குச் சிவப்பு விழுந்துடுச்சு அக்கா. என் போன்ல பாத்தா நேரத்துக்குத்தான் வந்திருக்கேன். இந்த அலாரம் அடங்கவே மாட்டாரு போல."

'அலாரம்' என்பது மேலாளர். காலையில் அவர் குரல் கேட்டுத்தான் கட்டடமே விழிக்கும். எல்லோரும் முன்னதாக வர வேண்டும் என்பதற்காக அவர் ஆபீஸ் கடிகாரத்தை வேண்டுமென்றே முந்தி ஓட விட்டிருக்கிறார் என்று ஒரு மாதமாகவே பேச்சு. அவளும் இரண்டு மூன்று பேரிடம் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"அவரு மட்டுமா?" என்றாள் மற்றவள். "நம்ம சர்வரக்காவும் இதுக்கு உடந்தை. கடிகாரத்த முன்னாடி தள்ளி வெக்கறதுக்கு எவ்வளவு அக்கா கமிஷன்?"

"போடி" என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

கடிகாரத்தை முன்னால் தள்ளுவதென்றால் அதை யார் செய்ய முடியும்? சுவரில் ஓடுகிற கடிகாரம், வருகைப் பதிவு மெஷின், ஆபீஸ் கணினிகள் எல்லாமே அவளுடைய நேர சர்வர்களைக் கேட்டுத்தான் மணி சொல்கின்றன. அலாரம் தலைகீழாக நின்றாலும் அவள் கை படாமல் அதில் ஒரு நிமிஷத்தைக்கூட நகர்த்த முடியாது. அவளோ எதையும் நகர்த்தவில்லை. அடக் கடவுளே, அப்படியானால் நகர்த்தியது யார்?

டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு ஓடினாள். எதற்கு ஓடுகிறாள் என்று அந்தப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவளிடம் நேர சர்வர்கள் இரண்டு. பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்திருந்தாள். சர்வர் என்றால் தனித்தனிப் பெட்டிகள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் விர்ச்சுவல் மெஷின்கள். அதாவது ஒரே பெரிய இயந்திரத்துக்குள் மென்பொருளால் தடுத்து உண்டாக்கிய போலிக் கணினிகள். ஒரு வீட்டை நடுவில் பலகை வைத்து மறித்து இரண்டு குடித்தனம் வைக்கிறோமே, அந்த மாதிரி. வீடாக இருக்கிற அந்தப் பெரிய இயந்திரத்தை அவள் 'தாய்' என்பாள். முன்பெல்லாம் நேரத்துக்கென்று நிஜமாகவே ஒரு பெட்டி இருந்தது. இடத்தை அடைக்கிறது, மின்சாரத்தைத் தின்கிறது என்று அதைத் தூக்கிவிட்டு இந்த ஏற்பாடு. அலாரத்துக்கு இதில் ஏகப் பெருமை.

திரையைத் திறந்தாள். பெரியவன் பச்சை. சின்னவன் பச்சை. இருவருக்கும் நடுவே துளி வித்தியாசம் இல்லை. தினமும் காலையில் அவள் பார்த்துத் திருப்தியோடு மூடிவைக்கிற அதே பச்சை. கைப்பையிலிருந்து போனை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏழு நிமிஷம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சின்னவனிடம், "நீ யாரைக் கேட்டு நேரம் சொல்கிறாய்?" என்று கேட்டுப் பார்த்தாள். பெரியவனைக் கேட்டு, என்றது. சரி. பெரியவன் யாரைக் கேட்க வேண்டும்? வெளியே இருக்கிற அணுக் கடிகாரங்களின் நேரத்தை இணையம் வழியாகக் கேட்க வேண்டும். அந்த வழியைத் திறந்து பார்த்தால், மாதக் கணக்கில் ஒரு பதிலும் வரவில்லை. இணையத்துக்கும் கணினிகளுக்கும் நடுவே இருக்கிற பாதுகாப்புச் சுவரைப் பலப்படுத்துகிறேன் என்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்து போனாரே, அந்த மகராசன் தேவையில்லாத கதவு என்று இதையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். பெரியவன் வெளியே கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் வீட்டுக்குள்ளேயே ஆள் தேடியிருக்கிறான். மென்பொருளைப் புதுப்பித்தபோது, 'தாயிடமிருந்து நேரம் வாங்கிக்கொள்' என்ற குறி தானாகவே திரும்ப விழுந்திருக்கிறது. அவள் அதை எடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததுதான், திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, தாய்க்கு யார் நேரம் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் திரையைப் பார்க்காமலே தெரியும். அதை எழுதியவளே அவள்தான். 'எதற்குத் தாயும் தனியாக வெளியே போய்க் கேட்க வேண்டும், வீட்டிலேயே பெரியவன் இருக்கிறானே' என்று என்றைக்கோ புத்திசாலித்தனமாக வைத்த ஏற்பாடு. ஆக, சின்னவனைக் கேட்டால் பெரியவன் சொன்னான் என்கிறான். பெரியவனைக் கேட்டால் தாய் சொன்னாள் என்கிறான். தாயைக் கேட்டால் பெரியவன்தானே சொன்னான் என்கிறாள்! தாயின் கடிகாரம் நாளுக்குச் சில விநாடிகள் முந்தி ஓடுகிற ரகம். அதைப் பிடித்து நிறுத்த வெளியாள் ஒருவரும் இல்லை. மூன்று பேரும் ஒருவர் சொல்வதற்கு ஒருவர் தலையாட்டிக்கொண்டே, கைகோத்துக்கொண்டு, மொத்தமாக ஏழு நிமிஷம் முன்னால் போய் நிற்கிறார்கள். ஒருவரோடொருவர் ஒத்துப்போகிறார்களா என்று மட்டும் பார்க்கிற பச்சை விளக்கு எப்படிச் சிவக்கும்?

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அழைப்பு வந்த நேரத்தை எழுதுவது தொலைபேசிப் பெட்டி. அது தொலைபேசிக் கம்பெனி அனுப்பும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அது சரியான நேரம். டிரைவர் தன் கைக்கருவியில் பொத்தானை அழுத்தியதும் வண்டி கிளம்பிய நேரத்தை எழுதுவது சர்வர். ஒன்றை ஒரு கடிகாரத்தில் பார்த்து, மற்றதை ஏழு நிமிஷம் முந்திய கடிகாரத்தில் பார்த்துக் கழித்தால், பறந்து போனவனும் நின்று போனவனாகத்தான் தெரிவான். ஒரு மாதமாக டிரைவர்கள் அத்தனை பேருமே சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று அலாரம் ஷெட்டில் நின்று கத்திக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். மின்னல் எங்கேயும் நிற்கவில்லை. அவள் கட்டிக் காத்த கடிகாரம்தான் நிற்காமல் ஓடியிருக்கிறது.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது மாமியார்.

"அவன் அப்பவே கிளம்பிட்டான்மா. போன இங்கயே வெச்சுட்டுப் போயிட்டான். நானும் எடுக்கலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அத்தே, அவரு தப்பு பண்ணலத்தே."

"அத நான் முதல்லயே சொன்னேனே. நீதான் மெஷின் மெஷின்னு ஒத்தக் கால்ல நின்ன."

போனை வைத்துவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை.

அலாரம் விசாரணைக்காகப் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, மேஜை மேல் இருந்ததையெல்லாம் நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் திருதிருவென்று விழித்தார்.

"இரு இரு. கடிகாரம் முன்னாடி ஓடுதுன்னு எனக்கும் தெரியும். நீதானே நம்ம ஆளுங்க சீக்கிரம் வரணும்னு நல்ல எண்ணத்துல அப்படி வெச்சிருக்கே?"

"நீங்க சொல்லி நான் வெச்சதா எல்லாரும் பேசிக்கிறாங்க சார்."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

"அப்புறம் ஏன் சார் யாராவது கேட்டா சிரிச்சீங்க?"

"நல்ல பேருதானே, வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்று மென்று விழுங்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதருக்கு மூளை வேகமாகத்தான் வேலை செய்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்பவே அத சரி பண்ணிடு. ஆம்புலன்ஸ் மையத்துல நேரம் தப்பா ஓடலாமா? வெளிய தெரிஞ்சா ஒரு மாசப் பதிவு அத்தனையும் குப்பை. எனக்கு மேல இருக்கறவங்க என்ன உரிச்சுடுவாங்க, உன்னையும்தான். உன் வீட்டுக்காரர் விஷயத்த என்கிட்ட விடு. எச்சரிக்கையோட முடிச்சுத் தர்றேன். வண்டி கழுவற பிரிவுகூட வேணாம். போதுமா?"

அவளுக்கு ஒரு கணம் மனசு சாய்ந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், சாய்ந்ததுதான். வேலை தப்பும். அவளுடைய பிசகும் வெளியே வராது. விரலால் இரண்டு தடவை தட்டினால் பெரியவன் ஒழுங்குக்கு வந்துவிடுவான். ஆனால் சரி செய்த மறுநிமிஷம் எல்லாக் கடிகாரமும் யோக்கியமாகிவிடுமே! அதற்கப்புறம், 'போன மாதம் தப்பாக ஓடியது' என்று யார் சொன்னால் நம்புவார்கள்? குற்றம் சாட்டப்பட்டவனின் பெண்டாட்டி, அதுவும் சர்வரின் சாவியைக் கையில் வைத்திருக்கிறவள், எந்தப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் புருஷனுக்காக இவளே திருத்திக் கொண்டுவந்தாள் என்பார்கள். கடிகாரம் தப்பாக ஓடுவதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை அது தப்பாகவே ஓட வேண்டும்.

"விசாரணை முடிஞ்சதும் சரி பண்றேன் சார்."

"உயிர் காக்கற இடத்துல தெரிஞ்சே தப்பான நேரத்த ஓட விடறியா?"

"கடிகாரத்தப் பாத்து நம்ம வண்டி கிளம்பறதில்ல சார், மணியக் கேட்டுத்தான் கிளம்புது. கடிகாரம் அப்புறமா எழுதி வெக்குது, அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரம் தப்பா எழுதினா யாரும் சாக மாட்டாங்க."

"நானே ஆள வெச்சு சரி பண்ணிக்கறேன்."

"பாஸ்வேர்டு என்கிட்டதான் சார் இருக்கு."

அலாரத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அறையை விட்டு வெளியேறினார். அவர் எங்கே போகிறார் என்று அவள் யோசிக்கவில்லை. போனைப் பார்த்தாள். மூன்று மணியாக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கையை அலம்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை எப்படிக் காட்டுவது என்று மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். கீழே ஷெட் வாசலில் மின்னல் நிற்கிறானா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காணோம். வராந்தாவிலும் காணோம். மாடிப்படியில் பாதி தூரம் இறங்கியபோதுதான் உறைத்தது. விசாரணை எந்தக் கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பிக்கும்?

போட்டது போட்டபடி ஓடினாள். அவள் வைத்த கடிகாரம் அவளையே ஏழு நிமிஷம் ஏமாற்றியிருந்தது. இரண்டாவது மாடிக் கூட்ட அறைக்கு வெளியே ஒரு தட்டில் எல்லோருடைய போன்களும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே குரல் கேட்டது. அவன் குரல்.

"ஆமாம் மேடம். டீ குடிச்சேன். கண்ணாடி டம்ளர்ல குடுத்தாங்க. ரொம்ப சூடா இருந்துச்சு. ஆத்தி ஆத்திக் குடிச்சேன். அதுல நேரம் போயிடுச்சு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

நீள மேஜையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி, மூக்குக் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி. ஒரு பக்கம் அலாரம். இன்னொரு பக்கம் இறந்தவரின் மகன், சவரம் செய்யாத முகத்தோடு. எதிரே மின்னல், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மேஜை நடுவில் அவனுடைய கைக்கருவி, சாட்சிப் பொருளாக. சுவரில் இலக்கக் கடிகாரம் மூன்று மணியைத் தாண்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

"அவரு டீ குடிக்கல மேடம்!"

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"இவரோட சம்சாரம். இங்க சர்வர் பாக்கறேன். அந்த நேரத்த எழுதின கடிகாரம் என்னோடது. அது தப்பு மேடம்."

"மேடம், இது குடும்ப விஷயமா ஆகுது" என்று அலாரம் குறுக்கிட்டார். "வெளிய அனுப்பிடலாம்."

மின்னல் திரும்பி அவளைப் பார்த்தான். "நீ போ" என்றான் மெதுவாக. "நான் ஒத்துக்கிட்டேன்."

"நீங்க சும்மா இருங்க!" அவள் போட்ட சத்தத்தில் அதிகாரியே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "மேடம், நான் எதையும் சொல்லி நிரூபிக்க வரல. நீங்களே செஞ்சு பாருங்க. இந்த மேஜையில இருக்கற டெலிபோன்ல நாங்க தினமும் காலையில சோதனை அழைப்பு போடற நம்பர அழுத்துங்க. வண்டிக்கு மணி அடிக்கும். இந்தக் கருவியில 'கிளம்பினேன்'னு ஒரு பொத்தான் இருக்கு. மணி கேட்ட உடனே அழுத்துங்க. நடுவுல மூச்சுகூட விடாதீங்க."

அதிகாரி அவளையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தொலைபேசியை இழுத்து எண்ணை அழுத்தினார். கைக்கருவி அலறியது. அலறிய அதே நொடியில் பொத்தானை அழுத்தினார். சுவரோரத் திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. 'சோதனை. அழைப்புக்கும் புறப்பாட்டுக்கும் இடைவெளி: ஏழு நிமிடம்.'

அவள் திரையைக் காட்டிக் கேட்டாள்.

"மேடம், அந்த ஏழு நிமிஷம் நீங்க எங்க போய் டீ குடிச்சீங்க?"

அலாரம் எழுந்துவிட்டார். "சர்வரே இவங்க கையில மேடம்! வர்றதுக்கு முன்னாடி மாத்தி வெச்சுட்டு வந்திருந்தா?"

நியாயமான கேள்விதான். அதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. மின்னலின் தலை மறுபடியும் குனிந்தது. அதிகாரி தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மணிக்கட்டு.

"அந்தப் போன் தட்டை யாராவது உள்ள கொண்டு வாங்க" என்றார்.

அவளே ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அதிகாரி தன் போனைத் தேடி எடுத்து உயிர்ப்பித்து, கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"காலையில பத்து மணிக்கெல்லாம் இங்க வந்துட்டேன். வரவேற்புல இருந்த கடிகாரத்தப் பாத்ததும் லேட்டா வந்துட்டோமேன்னு மேலாளர்கிட்ட மன்னிப்பு வேற கேட்டேன். ஆம்புலன்ஸ்காரங்க கடிகாரம் தப்பா இருக்காதுன்னு என் வாட்ச்ச முன்னாடி தள்ளி வெச்சேன்." அலாரத்தின் பக்கம் திரும்பினார். "இந்த அம்மா மத்தியானம் எதையும் மாத்தி வெச்சிருக்கத் தேவையில்ல சார். காலையிலேயே நான் மாத்திக்கிட்டேன். நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."

அலாரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அதிகாரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் ஒளிக்காமல் பதில் சொன்னாள். சாத்தப்பட்ட கதவு, திரும்ப விழுந்த குறி, பெரியவன், சின்னவன், தாய். தாய் பெரியவனைக் கேட்கட்டும் என்று வைத்தது யார் என்றபோது, "நான்தான் மேடம்" என்றாள். "உங்களுக்குத் தனியா விசாரணை வரும்" என்றார் அதிகாரி. "வரட்டும் மேடம்" என்றாள். அதில் அவளுக்கு ஒன்றும் பயமில்லை, காலையிலிருந்து பட்டதை விடவா அது பெரிது?

இறந்தவரின் மகன் அப்போதுதான் கேட்டார்.

"அப்ப வண்டி லேட்டா வரலையா?"

அதிகாரி இல்லை என்று தலையசைத்தார்.

"நேரத்துக்கு வண்டி வந்துமா அப்பா போயிட்டாரு?" மின்னலைக் கைகாட்டினார். "பத்து நாளா இவரத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். இவரத் திட்டிட்டுத்தான் ராத்திரி தூங்குவேன். இனிமே நான் யாரத் திட்டறது?"

மின்னல் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனான். என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு சிக்னல்லகூட நிக்கலீங்க" என்றான்.

அவர் தலையை ஆட்டினார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மின்னல் நாற்காலியை விடவில்லை.

மாலையில் அவள், ஒப்பந்தக்காரர் சாத்திய கதவைத் திறக்க வைத்தாள். தாய்க்கும் பெரியவனுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலை அறுத்தாள். பரணில் கிடந்த பழைய நேரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, தாய்க்கு வெளியே தனியாக நிறுத்தி, இனிமேல் ஒருவரையொருவர் மட்டும் கேட்டுக்கொண்டு காலம் தள்ள முடியாதபடி செய்தாள். பெரியவன் வெளியே காது கொடுத்தான். சுவர்க் கடிகாரம் ஒரே தாவலில் ஏழு நிமிஷம் பின்னால் போய் நின்றது. டீ மெஷின் பக்கம் யாரோ ஓவென்று கூவினார்கள்.

மின்னல் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். நாளையிலிருந்து வண்டிக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஷெட்டில் எல்லோரும் முதுகில் தட்டிக் கொண்டாடியும் அவன் முகம் தெளியவில்லை. இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். மன்னிப்பை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது அவனே பேசினான்.

"உள்ள நான் சொன்னது பொய்யில்ல."

"எது?"

"டீ குடிச்சேன்னு சொன்னேனே. வேலைக்காகச் சொன்ன பொய்னு நெனச்சுக்காதே. நெஜமாவே ஞாபகம் இருக்கு. டம்ளர் விரல்ல சுட்டது வரைக்கும் ஞாபகம் இருக்கு. இப்பவும் இருக்கு."

அவள் நின்றுவிட்டாள். "என்னங்க சொல்றீங்க? நீங்க குடிக்கவே இல்லையே."

"அது இப்பத் தெரியுது." அவன் நிற்காமல் இரண்டடி போய்த் திரும்பினான். "மேலாளர் எவ்வளவோ கத்தினாரு, அப்பல்லாம் வரல. நீ அடுக்களை வாசல்ல நிக்க வெச்சு எங்க நின்னீங்கன்னு கேட்டே பாரு, அன்னிக்குத்தான் வந்துச்சு. நீ கேட்டா அது சரியாத்தானே இருக்கும்னு நெனச்சேன்."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கோபமில்லாமல் சொன்னான். தெருவில் ஆட்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்து அவனோடு சேர்ந்துகொண்டாள்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை, அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். பஸ் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று தெரியவில்லை. பழக்கத்தில் கை தானாகக் கைப்பைக்குள் போனது. போனைத் தொட்டது. அப்படியே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

"ஏங்க, மணி என்ன இருக்கும்?"

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தெருவையும், கடை வாசலில் விழுந்திருந்த வெயிலையும் பார்த்தான்.

"அஞ்சரை இருக்கும். பஸ் இன்னும் போயிருக்காது."

"சரி" என்று அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.